ஒழுங்கை வாசலில் நின்ற வாழைக்குட்டிகள்

உறவினர் வீட்டுக்கு வாழைக்குட்டி கொண்டுபோகலாமா என்று சிலர் எழுதிக் கேட்கிறீர்கள். நான் கொண்டுபோய் வாங்கிக் கட்டிக்கொண்டது 1992 ஆவணியில்.

கரவெட்டியில் தங்கையின் கணவர் தவம் இருநூறு வாழை வைத்திருந்தார். அந்த வருமானத்தில்தான் குடும்பம். காலை ஆறு மணிக்குச் சாவகச்சேரியிலிருந்து மூன்று இதரை வாழைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டேன். கொடிகாமம், வரணி வழியாக ஏறக்குறைய பன்னிரண்டு மைல். வரணியில் டியூப்புக்கு ஒட்டுப் போட ஐந்து ரூபாய். எட்டரைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் வாசலில் இறங்கினேன்.

பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா மறித்தார்.

"தம்பி, உந்தக் குட்டியளை உள்ளை கொண்டு போகேலாது. இந்த ஒழுங்கை ஏழு வீடும் கதைச்சு எடுத்த முடிவு."

வழி நெடுக ஒருவரும் என் சாக்கைச் சோதிக்கவில்லை, இவர் யார் என்று எரிச்சல் வந்தது. சாக்கை வெளியே வைத்துவிட்டுப் போனேன்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தோட்டம் பார்க்கப் போனோம். ஒரு வாழையின் முன் தவம் நின்றுவிட்டார். உச்சி இலைகள் குறுகிக் கொத்தாக நின்றன. நோய். சுற்றியுள்ள ஐந்து வாழைகளையும் சேர்த்துத் தோண்ட வேண்டும், எல்லாம் குலை தள்ளும் பருவம்.

"இதை மட்டும் வெட்டிப் போட்டுச் சும்மா இருங்கோ மச்சான்," என்றேன்.

"இருக்கலாம். ஆனா இந்த நோயைக் காவுற பூச்சி வேலி பாத்து நிக்காது," என்று சொல்லிவிட்டு அவரே அயலைக் கூப்பிடப் போனார்.

அரை மணித்தியாலத்தில் மற்ற ஆறு வீட்டாரும் தோண்டுவதற்கு அலவாங்கோடு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடையால் விளக்குக்கே சொட்டுச் சொட்டாக அளந்து விட்ட காலம் அது. தோண்டும்போது பூச்சி பறந்துவிடும் என்று முதலில் குருத்துகளில் அதை ஊற்றினார்கள். பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கை அழுதாள்.

"அழாதை பிள்ளை," என்றார் மகேஸ் அக்கா. "வீட்டுக்கு ஒரு குட்டியா ஆறு வீடும் தருவம். நோயை மறைக்கிறவைக்குத்தான் ஒண்டும் இல்லை."

என் சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மூன்று கிழமையில், அந்தக் குட்டிகளைப் பிரித்தெடுத்த என் வளவுத் தாய்வாழையின் இலைகளும் குறுகின. அதன் குட்டிகளை ஏற்கெனவே நான்கு வீடுகளுக்குக் கொடுத்திருந்தேன்.

ஆகவே, போகிறவர்கள் பழம் கொண்டுபோங்கள், குட்டி வேண்டாம். மண்ணோடும் வேறு வாழை நோய்கள் வரும் என்பதால் வண்டியில் ஒட்டிய தோட்ட மண்ணையும் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். நோய்க் குட்டியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் மண்ணெண்ணெய்ப் போத்திலோடு குட்டி வாங்கிய முதல் வீட்டின் படலையைத் திறந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் அலவாங்கை எடுத்தார்.

"மற்ற மூண்டு வீடும் எது? நில்லும், நானும் வாறன்."