தண்ணீரை இழுத்துக்கொண்ட துளை

துளைபோடும் எங்கள் ரிக்கின் ஆபரேட்டர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்பேன். நான் இன்ஜினியர் என்பதால் அவர் என்னை சார் என்பார். எங்கள் மண் பரிசோதனைக் கம்பெனிக்கு வருமுன் பெங்களூர் முழுக்க போர்வெல் போட்டவர். அந்தத் தொழிலில், மேலே பீறிடும் தூசி சட்டென்று அடங்கினால் கொண்டாட்டம். கீழே பாறையில் வெடிப்பு இருக்கிறது, ஊற்று கிடைக்கும் என்று அர்த்தம். உடனே ரிக்குக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

போன வருடம் நகரத்துக்கு வெளியே ஒரு மண் அணையில் எங்களுக்கு வேலை. கரைக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் குழாய்களை இறக்க, நான்கு துளைகள் போட வேண்டும். மண் அணையில் தண்ணீரை மறித்து நிற்பது நடுவிலுள்ள களிமண் சுவர்தான். அங்கே தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தித் துளையிட்டால் களிமண் உள்ளுக்குள் பிளந்துவிடும். திருகுத் தண்டால் உலர்வாக, மெதுவாகத்தான் குடைய வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணாவிடம் நான் சொன்னதோ, தண்ணீர் போடாதீர்கள் என்ற ஒற்றை வரி. ஏன் என்று சொல்லவில்லை. சொன்னாலும் இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற படித்த திமிர்.

மூன்றாம் நாள் காலை மீட்டிங்குக்காக நான் ஆபீஸுக்குப் போய்விட்டேன். நான் இல்லாமல் ரிக் ஓடியிருக்கவே கூடாது. போதாக்குறைக்கு, இன்றைக்குள் துளையை முடித்துவிடச் சொல்லி இரண்டு முறை போனில் நச்சரித்தேன். திருகுத் தண்டு களிமண்ணில் சிக்கி நகரவில்லை. அவர் தண்ணீர் பம்பைப் போட்டுவிட்டார். மதியம் நான் திரும்பியபோது ரிக்கில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

“நம்ம நேரம் நல்லாக்குது சார். ஊத்துற தண்ணியெல்லாம் உள்ளயே இழுத்துக்குது,” என்றார் சிரித்தபடி.

களிமண் பிளந்து தண்ணீர் அதற்குள் போகிறது என்று அர்த்தம். பம்பை நிறுத்திவிட்டுக் கரையின் மறுபக்கம் இறங்கி ஓடினேன். அடிவாரத்தில் காய்ந்த புல்லுக்கு நடுவே கலங்கிய நீர் கசிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ராகி வயல்கள், வீடுகள். அணை அதிகாரிகள் மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். ஜனங்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய் இரண்டு நாள் கிடந்தார்கள். கசிவு நின்றது. யாரும் சாகவில்லை, அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவுமில்லை.

அறிக்கை எழுதும் வேலை என்னிடமே வந்தது. ஆபரேட்டருக்கு ஆபத்து விளக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி. ஆம் என்று டிக் அடித்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படித்துச் சொல்லச் சொன்னார். அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டு மற்றதையெல்லாம் படித்தேன். கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என் மேஜையருகே நின்றார். களிமண் பிளக்கும் என்பதை அணை அதிகாரி ஒருவர் அவருக்குக் கன்னடத்தில் விளக்கியிருந்தார்.

“தண்ணி வுட்டா அணை பொளந்துக்கும்னு தெரிஞ்சிருந்தா போட்டே இருக்க மாட்டேன் சார். பாவம், உங்களுக்கும் தெரியாம போச்சு.”

ஆமாம் அண்ணா, எனக்கும் தெரியாது என்றேன்.