பாதியில் நிறுத்திய கிறிஸ்துமஸ் படம்

என் மகள் செய்யாத குற்றத்தைப் பத்துப் பேர் முன்னால் நான் அவள்மேல் போட்டேன். பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு கிறிஸ்துமஸ் நாள் பிற்பகலில் அது நடந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் வரலாற்று ஆசிரியர். எங்கள் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியிலும் இருந்தேன். எது சரி, எது தப்பு என்று அடுத்தவர்களுக்குச் சொல்கிற இடம் அது.

எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வீடியோ கேசட் போடும் டெக்கை வாடகைக்கு எடுத்து, பண்டிகைக்குப் பொருத்தமான ஒரு படம் பார்ப்போம். முதல் சில வருஷங்கள் இயேசு பிறப்புப் படம்தான். மேய்ப்பர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கே மனப்பாடமாகிவிட்டது. அந்த வருஷம் என் மகள் ஒரு ஆங்கிலப் படம் கேட்டாள். பள்ளித் தோழிகள் சொல்லியிருந்தார்களாம். ஒரு லாரி ஓட்டுநர் தன் சின்ன மகளிடம் கோபமாகப் பேசிவிட்டுக் கிளம்புகிறான். வழியில் பனியில் மாட்டிக்கொள்கிறான். கிறிஸ்துமஸுக்குள் வீடு போய்ச் சேரப் பாடுபடுகிறான். இதுதான் கதை. சரி என்று சொன்னது நான். வண்ணார்பேட்டை கடைக்குப் போய், கேசட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததும் நான்தான். இத்தனைக்கும் இரண்டு வாரம் முன்புதான் ஆண்கள் கூட்டத்தில், டெலிவிஷன் குடும்பங்களைக் கெடுக்கிறது என்று அரை மணி நேரம் பேசியிருந்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். விடியற்கால ஆராதனைக்கு முன்னாலிருந்து நின்றபடியே வேலை செய்த என் மனைவி, அன்று முதல் தடவையாக அப்போதுதான் உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் அவள் மடியில் சாய்ந்துகொண்டு வசனத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். படம் பாதிக்கு மேல் போயிருக்கும். வாசலில் இருந்த ஒருவர், ஐயர் வருகிறார் என்றார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

நான் பாய்ந்து போய் டெக்கை நிறுத்தி, டி.வி.யை அணைத்தேன். ஐயர் நடைவாசலில் நின்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொன்னேன்.

"இந்தப் பிள்ளதான் எனக்குத் தெரியாம இதையெல்லாம் வாங்கிட்டு வந்து வச்சிருக்கு. ஏட்டி, எந்திரி. ஐயர்ட்ட மன்னிப்புக் கேளு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து மன்னிப்புக் கேட்டாள். ஐயர் அவள் தலையைத் தடவி, பண்டிகை நாளில் இதெல்லாம் என்ன சார் என்று சொல்லி, பலகாரத் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வந்திருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் மனைவி திரும்ப அடுப்படிக்குப் போனாள்.

அன்று மாலையே கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் மேலப்பாளையத்து பாய். கேசட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார்வாள், பாதியில நிக்கி. படம் நல்லா இல்லையா?" என்றார். கரண்ட் போய்விட்டது என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

மகள் என்னிடம் கோபப்படவில்லை. எப்போதும்போலப் பேசினாள், படித்தாள், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் யார் படம் போட்டாலும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். மற்றவர்கள் அதைச் சுறுசுறுப்பு என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும்.

அது நடந்து இரண்டு வருஷத்தில் ஐயருக்கு மாற்றல் வந்தபோது, பிரிவுபசார விழாவில் டீ குடித்துக்கொண்டே என்னிடம் பைய ஒரு விஷயம் சொன்னார். "அன்னைக்கு உங்க வீட்ல படம் ஓடுதுன்னு கேள்விப்பட்டுத்தான் சார் வந்தேன். எங்க வீட்ல டெக் கிடையாதுல்லா." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். யாரும் கேட்காத கேள்விக்கு என் மகளைப் பதிலாகக் கொடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அப்போதும் வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகப்பன் என்ற மரியாதை குறைந்துபோகும் என்று நினைத்தேன்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. குணமாகி எழுந்ததும், டிசம்பர் தொடக்கத்தில், வண்ணார்பேட்டைக்குப் போனேன். அதே இடத்தில் பாய் இப்போது மொபைல் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தாடியெல்லாம் வெள்ளை. படத்தின் பெயர் எனக்கு நினைவில்லை, கதையைச் சொன்னேன். கரண்ட் போனதாகச் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியும் சார்வாள். கரண்ட் போனா கேசட்டு டெக்குக்குள்ளல்லா மாட்டிக்கிட்டுக் கிடக்கும்," என்றார். நான்கு நாளில் படத்தைத் தேடி எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாடு முடிந்ததும் டி.வி.யில் அதைச் செருகினேன். முதல் காட்சியில் பனியும் லாரியும் வந்ததுமே மகள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். நான் டி.வி. முன்னால் போய் நின்றேன். மருமகன், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். பத்துப் பேர் முன்னால் செய்ததைப் பத்துப் பேர் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கடைசியில் அவளைப் பார்த்து, "உம்மேல தப்பே இல்லம்மா. நாந்தான் பொய் சொன்னேன்," என்றேன்.

என் மனைவி மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "இதத்தான அந்த லாரிக்காரன் சொல்லுவான்?"

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அந்த நாள் மாலையில் பாத்திரம் கழுவும்போது, மீதிக் கதை என்ன என்று மகளிடம் கேட்டாளாம். லாரிக்காரன் வீட்டுக்கு வந்துவிட்டான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, உன்மேல் தப்பே இல்லை என்று மகளிடம் சொன்னான் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். தோழிகள் சொன்ன முடிவு என்றே என் மனைவி இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

"அது நானா சொன்னதும்மா," என்றாள் மகள். தட்டுகளைக் கீழே வைத்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"சரிப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மறைக்கு."

உட்கார்ந்தேன். அவள் அம்மாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். படத்தின் முடிவில் அந்த மனிதன் வீடு வந்து சேர்கிறான். மகளைத் தூக்கிக்கொள்கிறான், மணி அடிக்கிறது. மன்னிப்பாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நம்ம பிள்ளை சொன்ன முடிவுதான் நன்றாக இருந்தது என்றாள் என் மனைவி.

மன்னித்துவிட்டாயா என்று நான் மகளிடம் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவள் ஒரு தகப்பனுக்காக எழுதிவைத்த வசனத்தைச் சொல்ல எனக்கு எழுபத்தைந்து வயதாயிற்று. ஆனால் அவ்வளவு வலியிலும் தன் கதையில் அந்தத் தகப்பனை அவள் வீடு வந்து சேர விட்டிருந்தாள்.