காலுறை ஆலை இருந்த ஊர்

நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பு சிட்னியின் டூங்கபியில் எங்கள் வீட்டுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"உன் நாட்டுக்கே வந்துவிட்டேன். மெல்பேணில் மகனோடு இருக்கிறேன். வந்து பார்ப்பாயா?"

குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் போய் இறங்கியது இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சின்னச் சந்தை ஊரில். அங்கே காலுறை ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. பின்னி வரும் காலுறைகளின் விரல் முனையைத் தைத்து மூடவேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்த யன்னலில் பால் நிறக் கண்ணாடி, வெளியே எதுவும் தெரியாது. பக்கத்து மெஷினில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணிதான் இப்போது அழைத்தவர். என்னைவிட நன்றாக மூத்தவர், அப்போதே கணவரை இழந்திருந்தார்.

அந்த ஊரில் யாரையும் அன்பாக அழைக்கும் சொல் 'டக்', அதாவது தாரா, வாத்து. முதல் நாளே அவர் என்னை அப்படிக் கூப்பிட, வீட்டுக்கு வந்து கணவரிடம் முறையிட்டேன்.

"என்ர நடையைப் பார்த்துத்தான் தாரா எண்டு சொல்லுறா."

"இல்லையப்பா. பஸ் டிரைவர் என்னையும் அப்பிடித்தான் சொன்னவன்" என்றார் அவர்.

வியாழக்கிழமைகளில் ஊர்ச் சதுக்கத்தில் சந்தை கூடும். சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார். எந்தக் கடையில் மீன் நல்லது, எவன் அடியில் அழுகல் தக்காளியை வைப்பான் என்பதெல்லாம் அவர் காட்டித் தந்தவை. நான் ஆங்கிலம் பேசப் பழகியது அந்தக் கூடாரங்களுக்கு இடையில்தான்.

ஆலையை மூடுவதாக அறிவித்தபோது, வேலை இலங்கைக்குப் போகிறது என்றும் சொன்னார்கள். கன்ரீனில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கதிரையை இழுத்து என் அருகே போட்டார்.

"அவளுக்கும்தானே வேலை போகிறது" என்றார். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கணவரின் தமையன் கூப்பிட, நாங்கள் சிட்னிக்கு வந்தோம். வந்த பிறகுதான் அந்த ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. மழைச் சாரலும் நனைந்த செங்கல்லும் கனவில் வந்தன.

"யாழ்ப்பாணத்தை நினைச்சு அழுகிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அந்தக் குளிருக்கு அழுகிறது நீர் ஒராள்தான்" என்பார் கணவர்.

அந்த அழைப்புக்குப் பிறகு மெல்பேணுக்குப் பறந்தேன். என் ஆலைத் தோழி சுருங்கிப்போயிருந்தார், ஆனால் என் கையைப் பிடித்த பிடி பழைய பிடிதான். சந்தை பார்க்க வேண்டும் என்றார். அங்கே ஸ்பிரிங்வேல் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கீரைக்கட்டுகளுக்கும் மீன் தட்டுகளுக்கும் நடுவே மெதுவாக நடந்தார். ஒரு கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவரின் உச்சரிப்பு அவளுக்கு விளங்கவில்லை. நான் இடையில் நின்று சொல்லிக்கொடுத்தேன்.

தேநீர்க்கடையில் உட்கார்ந்ததும் சொன்னார்: "எங்கள் ஆலை இப்போது தொடர்மாடி வீடுகள். புறப்படும் முன் வாங்க வந்தவள் மாதிரி நடித்து உள்ளே போய்ப் பார்த்தேன்."

"எங்கட மெஷின் நின்ற இடம்?"

"சமையலறை. அந்தப் பால் நிறக் கண்ணாடியை எடுத்துவிட்டு நல்ல கண்ணாடி போட்டிருக்கிறார்கள். சந்தை முழுவதும் தெரிகிறது, கூடாரம் கூடாரமாக. அத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது."

அந்த யன்னலருகே ஒரு தடவை நிற்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"போவோமா, இரண்டு பேரும்?" என்று கேட்டேன்.

தேநீரைக் கலக்கிக்கொண்டே தலையாட்டி மறுத்தார். "அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உனக்குத் தெரிந்தவளும் இங்கேதான் இருக்கிறாள்."

சிட்னி விமான நிலையத்தில் கணவர் காத்திருந்தார். காரில் ஏறியதும், "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஊரைப் பற்றித்தான்."

"எந்த ஊர்?"

"எங்கட ஊர்" என்றேன்.