எட்டு கிலோ இழுப்பு

பழவேற்காட்டில் பாலத்துக்குப் போகும் வழியில் என் பட்டறை இருக்கிறது. படகு இன்ஜின் பார்ப்பதுதான் என் தொழில். ஒரு புயல் வருஷத்தில், ரோட்டில் சாய்ந்த மரங்களை அறுத்து எடுப்பதற்காகப் பலர் செயின்சா வாங்கினார்கள். சாய்ந்த மரங்கள் தீர்ந்தன, மெஷின்கள் மிஞ்சின. வாங்கியவர்கள் சவுக்குத் தோப்புகளில் கூலிக்கு அறுக்கப் போனார்கள். அவை மக்கர் செய்தால் என்னிடம் கொண்டு வந்தார்கள். அவர்கள் வாயில் செயின்சா என்ற பெயர் வராது. மெஷின் என்றாலே அதுதான்.

ரிப்பேருக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் வேறு ஒன்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனி கொடுத்த வேகம் போதவில்லை, ஏற்றிக் கொடு என்றார்கள். நானும் செய்து செய்து கற்றுக்கொண்டேன். சைலன்சரின் வாயைப் பெரிதாக்குவேன். சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தை அகலப்படுத்துவேன். அதற்கு ஏற்றபடி கார்பரேட்டரில் பெட்ரோலைக் கூட்டி வைப்பேன். சரியாக அமைந்த மெஷின், பச்சைச் சவுக்கில் வாழைத்தண்டில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். என் பேர் பரவியது. வம்பு பிடித்தவர்களும் வந்தார்கள். ஒருவர் ஃபோனில் ஏதோ ஒரு நாட்டு வீடியோவைக் காட்டி, அதே சத்தம் வர வேண்டும் என்று அடம்பிடித்தார். இன்னொருவருக்குத் தன் மச்சானின் மெஷினைவிட வேகமாக இருந்தால் போதும். அந்த மச்சானும் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்.

கோட்டைக்குப்பத்திலிருந்து வந்த அந்த அண்ணன் இவர்கள் யாரோடும் சேராதவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு கடலுக்குப் போனவர், பல வருஷமாக மரம் அறுக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெஷினை ஆட்டோக்காரர் தூக்கி வந்து என் மேஜைமேல் வைத்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் சாமானைத் தானே தூக்காத ஆளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்டேன்.

"ஏத்த வேணாம். கயிறு இஸ்தா லேசா வரணும். அவ்ளோதான்" என்றார்.

நான் விளக்கிச் சொன்னேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போது கையில் தெரிகிற அந்தப் பிடிப்பு, உள்ளே காற்று இறுகுவதால் வருவது. அந்த இறுக்கம்தான் இன்ஜினின் பலம். அதைக் குறைத்தால் மெஷின் கிளம்பும், ஆனால் மரத்தில் இறங்காது. அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எதற்காக என்று ஒரு தடவை கேட்டேன். வேலை கொடுக்கத்தான் வந்தேன், கதை சொல்ல வரவில்லை என்றார்.

அன்று நான் செய்ததை இப்போது சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் போன பிறகு மெஷினைப் பிரித்துத் துடைத்தேன். புதுக் கயிறு போட்டேன், ஸ்டார்ட்டர் சுருளுக்கு எண்ணெய் விட்டேன். சிலிண்டரைத் தொடவே இல்லை. நல்ல மெஷினைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவர் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் வந்தவரிடம், குறைத்துவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். மெஷினை வழக்கம்போல ஆட்டோக்காரர் தூக்கி வந்தார். இவர் கையில் ஒரு கொக்கித் தராசு இருந்தது. ஏலக்கடையில் மீனைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, முள் காட்டுகிற கிலோவைப் பார்ப்பார்களே, அந்தத் தராசு. கொக்கியை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் மாட்டினார். என்னை மெதுவாக இழுக்கச் சொன்னார். இழுத்தேன். முள் பதினாலு கிலோ வரைக்கும் போனது, அதற்கப்புறம்தான் பிஸ்டன் நகர்ந்தது.

"உன்னாண்ட குடுக்கறதுக்கு முன்னாலயும் பதினாலுதான் காட்டுச்சு" என்றார். "நீ ஒண்ணும் பண்ணல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னார். பக்கத்து டீக்கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ஊரே பார்ப்பதுபோல இருந்தது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி நான் மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாணா, பண்ணல. தப்புதான்" என்றேன்.

அவர் பேச்சை வளர்க்கவில்லை. எத்தனை கிலோவுக்கு வர வேண்டும் என்று கேட்டேன். எட்டு என்றார். யோசிக்காமல் சொன்னார்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். சிலிண்டருக்கு அடியில் கேஸ்கட் தகடுகளைக் கூட்டி வைத்து, காற்று இறுகுகிற இடத்தைப் பெரிதாக்கினேன். தராசு எட்டரை காட்டியது. அவர் பார்த்தார், தலையாட்டினார், எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் அதே ஆட்டோ வந்து நின்றது. பாதி அறுத்த சவுக்குத் துண்டு ஒன்றும் கூட வந்திருந்தது. கிளம்புகிறது, ஆனால் மரத்தில் வைத்தால் மூச்சடைத்து நின்றுவிடுகிறது என்றார். நான் முதல் நாளே சொன்னது அதுதான். சொன்னேனே என்றேன். சொன்னால் ஆயிற்றா என்றார். லேசாகவும் வர வேண்டும், பலமும் வேண்டும் என்றால் அந்த மாதிரி இன்ஜினை நான் பார்த்ததில்லை, வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ போய்விட்டிருந்தது. அவர் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். போகிற மாதிரி தெரியவில்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலையில் இறங்கினேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு அக்கா வேகமாக நடந்து வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். காலையில் சாப்பிட்டதும் போட வேண்டிய மாத்திரை, போடாமலே கிளம்பி வந்துவிட்டார் என்றார். அண்ணன் தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கியபோது சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சின் நடுவில் நேராக ஒரு தையல் தழும்பு இறங்கியது.

நான் பார்த்ததை அந்த அக்கா பார்த்துவிட்டார்.

"எட்டு மாசம் ஆவுது தம்பி" என்றார். "தோப்புல மெஷின இஸ்துகினு இருக்கசொல்லோ வுழுந்துட்டாரு. நெஞ்ச தொறந்து ஆப்பரேஷன் பண்ணாங்க. வெயிட்டு தூக்கக் கூடாது, எதையும் இஸ்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

மீதியையும் அக்காதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து, தோப்பு வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். அண்ணன் அறுப்பார், அக்கா கிளை கழித்துக் கட்டுக் கட்டுவார். இனிமேல் நான் அறுக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். மெஷினைத் தூக்குவது கஷ்டமில்லை, சத்தத்துக்கும் பயமில்லை. கயிறு இழுப்பதுதான் முடியவில்லை. நாலு தடவை இழுத்தால் வலது தோள் விட்டுப்போகிறது. அதற்காக வீட்டு வாசல் கம்பத்தில் அண்ணன் அந்தத் தராசைக் கட்டி, அக்காவை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பத்து கிலோவில் அக்கா முகம் சுளித்திருக்கிறார். ஒன்பதில் வலி இல்லை என்று சொல்லியும் அண்ணன் நம்பவில்லை. எட்டு என்று அவரே முடிவு பண்ணினாராம்.

முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பொம்பளைய மெஷின் புடிக்க வுட்டுட்டு உக்காந்து துன்றான்னு பேசுவாங்க."

"பேசறவன் வந்து அறுத்துக் குடுக்கட்டும்" என்றார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினார். "இதுக்கு வேற வழியே இல்லியா தம்பி?"

அந்தக் கேள்வியை நான் எனக்குள் ஒருதரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வழி இருந்தது. மரம் விற்கும் மரவாடிகளில் இருக்கிற பெரிய மெஷின்களில் சிலிண்டர் தலையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதன் பொத்தானை அமுக்கிவிட்டு இழுத்தால் உள்ளே இறுகுகிற காற்றில் கொஞ்சம் வெளியே போய்விடும், கயிறு லேசாக வரும். இன்ஜின் பிடித்ததும் பொத்தான் தானாக எழும்பி மூடிக்கொள்ளும், பலம் முழுசாகக் கிடைக்கும். சின்ன மெஷினில் அது வராது. சிலிண்டரில் புதிதாகத் துளை போட்டுப் பொருத்த வேண்டும். நான் செய்ததில்லை. கொஞ்சம் பிசகினாலும் சிலிண்டர் போய்விடும். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருய்யா. போடட்டும்" என்றார் அக்கா.

அவர்கள் போவதற்கு முன், அக்காவை மெஷினைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்தார். ஸ்டார்ட்டர் கைப்பிடி ரொம்ப மெலிசாக இருக்கிறது, விரலை அறுக்கிறது என்றார். சைலன்சர் புகை நேராகத் தன்மேல் அடிக்கிறது என்று புடவையை லேசாகத் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். அண்ணன் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார்.

"இத்த எங்கிட்ட சொல்லவேயில்ல நீ."

"நீ கேட்டியா? கிலோதான கேட்டுகினு இருந்த."

பொன்னேரியில் ஒரு மரவாடிக்காரர் ஓரமாகப் போட்டு வைத்திருந்த பழைய மெஷினிலிருந்து வால்வைக் கழற்றி வந்தேன். மறுநாள் காலையில் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றிக் கட்டையில் இறுக்கி, துளை போட வேண்டிய இடத்தை மூன்று தடவை அளந்தேன். எத்தனையோ மெஷின்களின் துவாரத்தை யோசிக்காமல் அகலப்படுத்திய எனக்கு அன்று துணிச்சல் வரவில்லை. டிரில்லை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மரை வெட்டி, தூளெல்லாம் போகும்வரை டீசலில் கழுவி, வால்வை முறுக்கினேன். கூடுதலாக வைத்த கேஸ்கட்டுகளை எடுத்துவிட்டேன். சைலன்சரின் வாயை முன்பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஸ்டார்ட்டருக்குப் படகு இன்ஜினின் தடித்த கைப்பிடியைப் போட்டேன். தராசு ஏழு காட்டியது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்தேன். ஏழுதான்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு தோப்பில் வேலை இருந்தது. மெஷினை நானே வண்டியில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா புடவைக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார், காதில் பஞ்சு வைத்திருந்தார். பொத்தானை அமுக்கி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் மெஷின் பிடித்தது. பொத்தான் டக்கென்று எழும்பியதை நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார்.

சத்தத்தில் பேச்சு கேட்காது. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று கையால் சொன்னார். படகைக் கரைக்கு எடுக்கும்போது மணலில் நிற்கிற ஆள் காட்டுவாரே, இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், நிறுத்து என்று, அதேபோல இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அக்கா ஒரு கண் மரத்திலும் ஒரு கண் அந்தக் கையிலுமாக அறுத்தார். மரம் அண்ணன் காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, பஞ்சை எடுத்துவிட்டு, அக்கா அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் போய் அறுபட்ட அடிக்கட்டையை உள்ளங்கையால் தடவினார்.

"கோணலா கீது" என்றார். கையை அதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது நேரா வரும்" என்றார் அக்கா.

ஆறேழு மரம் விழுந்த பிறகு அண்ணன் தரையில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட குச்சிகளைச் சேர்த்துக் கட்டுக் கட்டினார். அவரால் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். வலைக்காரர் போடுகிற முடிச்சாகப் போட்டு, பலம் கொடுக்காமலே இறுக்கினார். அக்கா வந்து கட்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். ஒரு குச்சிகூட நழுவவில்லை. இத்தனை வருஷமாக இந்த முடிச்சைத் தனக்குச் சொல்லித் தராமல் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஊர் கொஞ்ச நாள் பேசியது. பிறகு அதற்கு வேறு பேச்சு கிடைத்தது. மரத்தூள் அடைத்துப் பொத்தான் எழும்பாமல் போனால் இரண்டு பேரும் பட்டறைக்கு வருகிறார்கள். நான் அதைச் சுத்தம் பண்ணுகிற நேரத்தில் அக்கா அந்தக் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொள்வார். அண்ணன் டீக்கடைக்குப் போய் மூன்று டீ வாங்கி வருவார். தனக்குச் சர்க்கரை இல்லாமல், அக்காவுக்குத் தூக்கலாக.