பின்னால் வருவது சின்ன வண்டியா, பெரிய வண்டியா

"கண்ண மூடிக்கோ. பின்னால ஒரு கரண்டு வண்டி வருது. சின்னதா, பெர்சா? எப்டி சொல்லுவ?"

சுயம்பு மாமா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

"கண்ண மூடினா எப்டி மாமா தெரியும்?" என்றேன்.

"கண்ணத் தொறந்துகினு மட்டும் இன்னாத்த கிழிச்சிட்ட," என்றார் அவர். தகரக் கொட்டகைக்குக் கீழே சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் பார்வை என் வாயிலேயே இருந்தது. யாரிடம் பேசினாலும் அவர் வாயைத்தான் பார்ப்பார். ஏன் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

எங்கள் வேலை எண்ணூரில், வெளிநாட்டுக்குக் கார் ஏற்றும் கப்பல்களில். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லைசன்ஸ் எடுத்த நானும் நிதிஷும் புது வண்டிகளை யார்டிலிருந்து ஓட்டிப் போய்க் கப்பலுக்குள் நிறுத்துவோம். நிறுத்திய வண்டி கடலில் நகராதபடி அதன் அடியிலிருக்கும் கொக்கியில் பெல்ட் மாட்டி, இரும்புத் தளத்தோடு இழுத்துக் கட்டுவது சுயம்பு மாமாவின் வேலை. முன்வரிசைக்காரர்கள் குனிந்து கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசை வண்டி ரிவர்ஸில் வந்து நிற்கும். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் விடுவார்கள். கப்பலின் வயிற்றுக்குள் புகையை வெளியே தள்ளும் பெரிய விசிறிகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்காது.

அந்த இடத்தில் சுயம்பு மாமா முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார், திரும்பியே பார்க்க மாட்டார். வண்டி அவரைத் தொடப் போகிறது என்று நாம் கத்தப் போவோம். அப்போது ஒரு எட்டு ஒதுங்குவார், அவ்வளவுதான். பையன்கள் இதில் டீ பந்தயம் கட்டுவார்கள். "மாமு, பின்னால வந்தது இன்னா வண்டி?" என்று அவர் முன்னால் போய் நின்று கேட்பார்கள். "டீசலு," என்பார். "இது பெட்ரோலு, ஓட்றவன் புதுசு." ஒருமுறைகூடத் தப்பியதில்லை. "மாமாவுக்கு முதுகுல காது கீதுடா," என்பான் நிதிஷ். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் மாமா திரும்ப மாட்டார். அதற்கும் பையன்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: "கெத்து மாமா. மூஞ்சிக்கு நேரா வந்து பேசுன்றாரு."

பிறகு அவரே சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இடது காது முழுவதும் போயிருந்தது, வலது காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. முகத்துவாரக்குப்பத்தில் அண்ணனோடு படகில் போன காலத்தில் இஞ்சினுக்குப் பக்கத்தில்தான் அவர் இடம். கழிமுகத்தில் இறாலும் மீனும் அற்றுப்போய்ப் படகை விற்றபோது காதும் அதோடு போயிருந்தது. வேலைக்குச் சேர்க்கும்போது சோதித்தவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். மாமா வாயைப் பார்த்துப் பதில் சொல்லித் தேறிவிட்டார். காது விஷயம் வெளியே வந்தால் கப்பலுக்குள் விட மாட்டார்கள். விட்டுவிட்டு வேறெங்கே போவது? காது கேட்காத ஆளை எந்தக் கம்பெனியும் சேர்க்காது. திரும்பிப் போகக் கடலும் இல்லை. வீட்டில் அவர் மனைவி மங்கை அத்தை ஒருத்திக்குத்தான் இது தெரியும்.

அவர் வண்டிகளைக் கேட்டது காலால். இஞ்சின் ஓடும் வண்டி வந்தால் இரும்புத் தளம் நடுங்கும். அந்த நடுக்கம் பாதத்தில் ஏற வேண்டும் என்பதற்காக, அடி தேய்ந்த பழைய கான்வாஸ் ஷூவையே, கம்பெனி ஷூபோலத் தெரியக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் போட்டிருந்தார்.

பேட்டரியில் ஓடும் கரண்டு வண்டிகள் வந்ததும் அவர் தூக்கம் போனது. ஒரே கப்பலில் இரண்டு வகை வந்தன: ஊருக்குள் ஓட்டுகிற குட்டிக் கார் ஒன்று, நீளமான பெரிய செடான் ஒன்று. இரண்டுக்கும் இஞ்சின் இல்லை, நடுக்கமும் இல்லை. எங்களுக்கோ அது தினமும் சண்டை போடக் கிடைத்த சங்கதி.

"சின்னது இன்னா மாமு, ஆட்டோவுக்குக் கதவு வெச்ச மாதிரி கீது," என்பான் நிதிஷ். "பெர்சுல குந்திப் பாரு. ஸ்க்ரீனே எங்க வூட்டு டிவி அளவு. கால் வெச்சா போதும், வழுக்கிகினு போவுது."

நான் சின்ன வண்டிக் கட்சி. எங்கள் சந்துக்குள் நுழையும், வீட்டு பிளக்கில் ராத்திரி சொருகிவிட்டால் காலையில் ஓடும் என்பேன். "பெர்சுக்கு உங்க வூட்டு ஒயர்ல கரண்டு ஏத்தினா தெருவுக்கே கரண்டு போய்டும்," என்று நான் சொன்னதும் நிதிஷ், "இத்த வாங்கப் போறவன் மாதிரியே பேசுறான் பாரு," என்றான். அதற்கும் சிரித்தோம்.

ஒருநாள் ஒரு சின்ன வண்டி கப்பலின் சரிவுப் பாதையில் உயிர் விட்டு நின்றது. அதில் சாதாரணக் கைப்பிரேக் கம்பிதான். இறக்கிவிட்டு மூன்று பேர் தோள் கொடுத்தோம். காலிப் பெட்டி மாதிரி லேசாக ஏறியது. கரையில் படகு தள்ளும்போது போடுகிற கூச்சலைப் போட்டுக்கொண்டே தள்ளினோம், ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் மீனவக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். மாமா மட்டும் ஓரமாக நின்று சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் கப்பல் ஏற்றத் தொடங்குமுன் அவர் நிதிஷைக் கூப்பிட்டு, "ரெண்டு வண்டியிலயும் ஒரு தபா இப்டி மெதுவா போய்ட்டு வா நைனா," என்பார். கண்ணை மூடி நிற்பார். எங்களுக்கு வேடிக்கை. அவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். முடிவில் கண்டுபிடித்தார். சின்ன வண்டி குட்டை, அதன் ஸ்பிரிங்கும் கடினம். தளத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டும். அது தூரத்திலிருந்தே காலுக்கு வந்துவிடும். பெரிய வண்டி தட்டாது. அதன் அடி முழுக்க பேட்டரி, அதனால் கனம் அதிகம், மெத்தென்று வரும். ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் தளம் மெல்ல அமுங்கும். அந்த அமுங்கலைப் பிடிக்கத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கொட்டகையில் அவர் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் கேட்டிருக்கிறார். விடையைச் சொன்னால் காது வெளியே வந்துவிடும் என்பதால் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மறுவாரம் மேஸ்திரி லட்சுமணன் எங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மாமாவின் முன்னால் நின்றார்.

"இன்னா சுயம்பு இது, இஸ்கூல் புள்ள ஷூ?"

"நல்லாத்தான் கீது."

"பெயின்ட் அடிச்சு ஏமாத்துறியா? ஆபீஸ்ல இருந்து செக்கிங் வர்றாங்கோ. இந்தா, புதுசு. இரும்பு மூக்கு, அடிப்பக்கம் நல்லா தடிப்பு. போட்டுக்கோ."

"கால் கடிக்கும் மேஸ்திரி. பழசே இருக்கட்டும்."

"ஒன் காலு நல்லா இருக்கணும்னுதான்யா தர்றாங்கோ. வேணாம்னா கேட்டுக்கு வெளிய போய் நில்லு."

உண்மையைச் சொன்னால் காது விஷயம் வெளியே வந்துவிடும். மாமா புது ஷூவைக் கட்டிக்கொண்டு இரண்டடி நடந்து பார்த்தார். தண்ணீருக்குள் நடப்பவர்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். "மாமா மாப்பிள்ள ஆயிட்டாரு," என்று நிதிஷ் கேலி செய்தான்.

அன்றைக்கே நடந்தது. நான் பக்கத்து வரிசையில் வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தேன். மாமா ஒரு தூணுக்குப் பக்கத்தில் குனிந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். நிதிஷ் பெரிய வண்டியை ரிவர்ஸில் அவருக்குப் பின்னால் கொண்டுவந்தான். வண்டிக்கு வழிகாட்டும் விசில்காரர் விசில் அடித்தார். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். நிதிஷ் பின்பக்கக் கேமரா திரையில் மாமாவின் முதுகைப் பார்த்திருக்கிறான். "எப்பவும் நவுந்துடுவாரே, நவுந்துடுவாருனு நெனச்சேன்," என்று பிறகு நூறு பேரிடம் சொன்னான். அது பொய்யில்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் ஓட்டினோம். அவருக்காக யாரும் வேகத்தைக் குறைத்ததில்லை. அவ்வளவு சரியாக ஒதுங்குகிறவருக்கு எதற்குக் குறைப்பது என்று இருந்துவிட்டோம்.

மாமாவின் இடது கால் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டியது. அவர் கத்தியது விசிறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். நிதிஷ் கதவைத் திறந்து வெளியே குதித்தான். கரையில் படகு யாரையாவது அழுத்தினால் படகில் இருப்பவர்கள் எல்லோரும் கீழே குதித்துத் தள்ளுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். நாங்களும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தோம். அதே கூச்சலைப் போட்டோம். வண்டி அசையவில்லை. இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்போதும் அசையவில்லை. ஓட்டுகிறவன் கதவைத் திறந்து இறங்கினால் அந்தப் பெரிய வண்டி தானாகச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளும். இறக்கிவிட அதில் கைப்பிரேக் கம்பி கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, திரை விழித்த பிறகுதான் நகரும். நிதிஷ் இறங்காமல் முன்பக்கம் ஓட்டியிருந்தால் அப்போதே கால் விடுபட்டிருக்கும். சின்ன வண்டியாக இருந்திருந்தால் மூன்று பேர் தள்ளியே எடுத்திருப்போம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே இருந்தோம். லட்சுமணன் மேஸ்திரிதான் நிதிஷைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய் மறுபடி சீட்டில் திணித்தார். சாவிக்குப் பதிலாக இருக்கும் கார்டை அவன் இரண்டு முறை கீழே போட்டு எடுத்த பிறகுதான் வண்டி முன்னால் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் மாமாவின் இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அங்கேதான் காது விஷயமும் வெளியே வந்தது. முதுகுப் பக்கம் நின்று நர்ஸ் எத்தனை முறை பெயரைக் கேட்டும் அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்களை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்ட்காரருக்கு வேலை சுலபமாகிவிட்டது. காது கேட்காததை மறைத்தவர், விசில் அடித்தும் ஒதுங்காதவர், தப்பு அவருடையதே என்று முடித்துவிட்டார். ஷூவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மாமா என்னிடம் சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாதே. நான் சொல்லிப் பார்த்தேன். "காலால கேட்டாரா? போடா, போய் வேலையப் பாரு," என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் குப்பத்துக்குப் போயிருந்தேன். மங்கை அத்தை கூலிக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே ஆபீஸ்ல சொல்லியிருந்தா காலாவது இருந்திருக்கும். சொன்னா சோறு போய்டும்னு வாய மூடிக்கினேன். இப்ப ரெண்டும் போச்சு," என்றாள். நிதிஷ் வந்தானா என்று கேட்டேன். அவன் இந்தத் தெரு வழியாகவே நடப்பதில்லையாம். அவனும் வேலையை விட்டுவிட்டான்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீதியிருந்த காலை வெறுங்காலாகச் சிமென்டுத் தரையில் ஊன்றியிருந்தார். வெளியே ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் எதிரில் போய் உட்கார்ந்து, அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து கேட்டேன்.

"இன்னா மாமா போவுது, சொல்லு பாப்போம்."

அவர் கண்ணை மூடினார். வெறுங்காலைத் தரையில் அழுத்தினார். அதற்குள் இரண்டு லாரிகள் போய்விட்டன.

"தெர்ல நைனா," என்றார். "அந்தக் காலுதான் பழக்கம். இந்தக் காலுக்கு ஒண்ணும் தெர்ல."

என்னால் அவருக்குக் காலும் வாங்கித் தர முடியாது, வேலையும் வாங்கித் தர முடியாது. சுயம்பு மாமா கவனம் இல்லாமல் மாட்டிக்கொண்டார் என்று எங்கள் பக்கம் எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மையில்லை என்பதற்காகத்தான் இதை எழுதினேன். இதைப் படித்தவர்கள் கப்பலிலோ யார்டிலோ ஷோரூமிலோ வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் இந்தக் கதையைக் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் சொல்லுங்கள்: யார்மீதாவது வண்டி அழுத்தினால் இறங்காதே, உட்கார்ந்தபடியே விலக்கு. அப்படியே, கூப்பிட்டால் திரும்பாத ஒரு ஆள் அங்கே இருந்தால், கெத்து என்று சிரிக்காமல் எதிரில் போய் நின்று என்னவென்று கேட்கச் சொல்லுங்கள்.