கம்பளி மிதிப்பவர்

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் தொட்டியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைக்கூடத்தின் பின்புறம் முழங்கால் உயரத்தில் இரண்டு சிமென்ட் தொட்டிகள் இருந்தன. இருபத்தாறு வருடங்களாகக் காலை ஏழு மணிக்கு அவற்றில் ஒன்றில் இறங்கி, நோயாளிகளின் கம்பளிகளைக் காலால் மிதித்துத் துவைத்துவந்தார். விரிப்பும் துண்டும் இயந்திரத்துக்குப் போகும், கம்பளி போகாது. கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் இடியும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

தொட்டியம்மா இந்தச் செதில்களைப் பற்றி எங்கும் படித்ததில்லை. அவருடைய உள்ளங்கால் அறிந்திருந்தது. "கீழ ஒரு கை மெதுவா விரலை மடக்கற மாதிரி இருக்கும். அது முழுசா மூடறதுக்குள்ள நிறுத்திடணும்" என்பார்.

வீட்டில் அவரும் நாத்தனாரும் மட்டும். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. அப்போது உறவினர்கள் கூடி, அண்ணி இனி எங்கே போவாள், கல்யாணமாகாத தங்கை யார் வீட்டில் இருப்பாள் என்று பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்கள யாரும் பங்கு போட வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடாம இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாத்தனாருக்குப் பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை. நாள் முழுக்க வாசகர்களிடம் வாயை அடக்கி வைத்திருந்து, மிச்சத்தை வீட்டில் அவிழ்த்துவிடுவார்.

இந்த வீட்டுக்குத்தான் ஓர் ஆணை வந்து சேர்ந்தது. திறன் பணியாளர்கள் மருத்துவமனையிலேயே தொடரலாம். மற்றவர்களை ஒப்பந்த நிறுவனம் எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தின் சலவை ஆலை பத்து மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருந்தது. அங்கே போக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும்.

படிவம் நிரப்பிய இளம் எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேலைம்மா?"

"கம்பளி மிதிக்கிறேன் தம்பி."

"அதாவது, தண்ணியில நடக்கறீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"நடக்கறது ஒரு திறமையாம்மா? எங்க வீட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு நாள் முழுக்க நடக்குது. அதுக்கும் ஒரு படிவம் எடுத்து வைக்கட்டுமா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எழுத்தர் 'திறனற்ற பணி' என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

விரல் நுனியால் செய்தால் திறமை, உள்ளங்காலால் செய்தால் வெறும் உடலுழைப்பு என்று வகுத்தவர்கள் யார்? தங்கள் கால் நனையாமல் உட்கார்ந்திருந்தவர்கள். மனித உடம்பிலேயே மேல் கீழ் என்று சாதி பிரித்து, காலைக் கடைசியில் தள்ளி, அந்தக் காலால் பிழைப்பவரை அதற்கும் கீழே தள்ளியவர்கள். அந்தக் கோட்டைப் போட எழுத்தருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் கெட்டவரல்ல. அந்தக் கோடு அவருக்கு முன்பே பல நூறு வருடங்களாகப் போடப்பட்டிருந்தது.

மேல்முறையீட்டுக்கு எட்டு நாள் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள்.

"அண்ணி, இங்கிலீஷ்ல நடக்கறதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"வாக். தினமும் டாக்டருங்க சொல்றாங்களே, வாக் போங்க, வாக் போங்கன்னு."

"அந்த வார்த்தைக்கு முதல்ல நடக்கறதுன்னு அர்த்தமே இல்ல. பெரிய அகராதியில பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அதுக்கு அர்த்தம் உருளறது, புரளறது. கடல் புரளுதில்ல, அதுக்குச் சொன்ன வார்த்தை. அப்புறம் கேளுங்க. நெய்த கம்பளித் துணியத் தண்ணியில போட்டுக் காலால மிதிச்சுப் புரட்டறவங்களுக்கு 'வாக்கர்'னு பேரு. அது ஒரு தொழில், அண்ணி! ஊருக்கு ஊர் ஆள் இருந்திருக்காங்க. இன்னிக்கும் எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் பேரு. இங்கிலீஷ்காரங்களுக்குப் பக்கத்து நாட்டு மொழியில இப்பவும் அந்த வார்த்தைக்குக் கம்பளி மிதிக்கறதுன்னுதான் அர்த்தம்."

தொட்டியம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்து புரியவில்லை; ஆனாலும் கடைசி வரி வரை பார்த்தார்.

"அவங்க எதுக்கு மிதிச்சாங்க? அழுக்குப் போகவா?"

"அழுக்கும் போகணும், துணியும் நெருங்கிக் கெட்டியாகணும். காத்து நுழையாம."

"அடேயப்பா! நான் நிறுத்தற இடத்துலதான் அவங்களுக்கு வேலையே ஆரம்பிக்குதுபோல." முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. எங்கோ, எப்போதோ, இதே கூச்சத்தை உள்ளங்காலில் உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

"அப்ப எழுதிடறேன். உலகமே நடக்கறதுக்குச் சொல்ற வார்த்தை எங்க அண்ணி செய்யற தொழில்லேருந்து வந்ததுன்னு."

"அகராதியில அப்படியா போட்டிருக்கு?"

நாத்தனார் சற்று இழுத்தார். "அந்த அர்த்தம் எப்படி மாறிச்சுன்னு உறுதியாத் தெரியலையாம். மிதிக்கறதுலேருந்து வந்திருக்கலாம்னு போட்டிருக்கு."

"வந்திருக்கலாம்னா, வராமலும் இருந்திருக்கலாம். தெரிஞ்சத மட்டும் எழுது. இல்லாததச் சொல்லி நான் ஜெயிக்க வேண்டாம்."

"உங்கள வெச்சுக்கிட்டு ஒரு பொய்கூட உருப்படியா சொல்ல முடியல!"

ஏழாம் நாள் விசாரணை. கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. மனுவை இரண்டு தடவை படித்தார்.

"படிக்க நல்லா இருக்கு. ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ அது தொழிலா இருந்ததுன்னு சொன்னா, இங்க இன்னிக்கு அது திறமைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

"கேள்வி சரிதாம்மா" என்றார் தொட்டியம்மா. "ரெண்டு புதுக் கம்பளி கொடுங்க. ஒண்ணு நான் மிதிக்கிறேன். இன்னொண்ண இந்தத் தம்பி மிதிக்கட்டும். நடக்கத் தெரியும்னு சொன்னாரே."

எழுத்தர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார். சலவைக்கூடமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. குளிர்ந்த நீரில் கால் வைத்ததும் அவருக்குப் பல் கிட்டியது. ஓடிப்போய்ச் சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டார். சோப்பையும் தாராளமாகக் கொட்டினார். பிறகு அணிவகுப்பில் போவதுபோல் தொம் தொம்மென்று மிதித்தார். "மாப்பிள்ளை, மெதுவா! தொட்டி இடிஞ்சிடப் போகுது!" என்று யாரோ கத்தினார்கள்.

தொட்டியம்மா பன்னிரண்டு நிமிடத்தில் தன் தொட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டார். எழுத்தர் அதைப் பார்த்து, தான் முந்திக்கொண்டதாக நினைத்து, இன்னும் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க மிதித்தார்.

இரண்டையும் அலசி, வலைத் தட்டியில் விரித்து, உலர்ந்தபின் கண்காணிப்பாளரே நாடா பிடித்து அளந்தார். ஒன்று பழைய அளவிலேயே இருந்தது. மற்றது நீளத்தில் ஒரு சாண் குறைந்து, நோயாளியின் கால் வெளியே தெரியும் அளவுக்கு வந்திருந்தது.

"நான் தப்பா ஒண்ணும் மிதிக்கலையே!" என்றார் எழுத்தர், அழமாட்டாக் குறையாக.

"நல்லாத்தான் மிதிச்சீங்க தம்பி. அந்தக் காலத்துல பிறந்திருந்தா உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பாங்க" என்றார் தொட்டியம்மா. கேலியில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். எழுத்தரும் சிரித்துவிட்டார்.

புதுப் படிவம் வந்தது. தொழிலின் பெயர் என்ற இடத்தில் எழுத்தர் நிறுத்தினார். "வாக்கர்னு போடட்டுமாம்மா?"

"அது அவங்க பேரு. எனக்குக் கம்பளி மிதிப்பவர்னு போடுங்க."

கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார்.

நாத்தனார் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார். நூலகத்தில் தலைவலி என்று சொல்லி வந்திருந்தார். அண்ணியின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் படித்தார். பிறகு தன் பையிலிருந்து நாலாக மடித்த வேறொரு தாளை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்ல."

தொட்டியம்மா பாதித் தாளை மீட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒப்பந்த ஆலை இருக்கும் ஊரின் நூலகத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம். ஆணை வந்த மறுநாள் தேதி போட்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா வேண்டாம்பீங்க. வாங்க, பஸ் வந்துடும்." நாத்தனார் மிச்சத்தையும் வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தார்.