ஜன்னல் கம்பி தெரிந்த படம்

ஓட்டல் சமையலறையில் அவனுக்கு ‘சிக்னல்’ என்று பெயர். போனுக்குச் சிக்னல் கிடைப்பது பின்வாசலில் மட்டும்தான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அந்த வாசலுக்குமாக, காலில் சுடுதண்ணீர் கொட்டியவன் மாதிரி ஓடிக்கொண்டே இருப்பான். சொந்த ஊரில் அவன் நிருபர். எழுதியதற்குப் பரிசாக அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது; அவன் எல்லை தாண்டினான். கை சோப்புத் தண்ணீரில் ஊறினாலும் மனசு அங்கேதான் செய்தி பொறுக்கிக்கொண்டிருந்தது.

மதியம் தங்கை ஒரு படம் அனுப்பினாள். அவள் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர்வலத்தில் சுடப்பட்டு யாருமே சாகவில்லை என்று அரசாங்கம் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருக்க, படத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் துணி மூடிய உடல்கள் கிடந்தன. ஈரக் கையோடு அதை ஆசிரியருக்குத் தள்ளிவிட்டான். அவரும் தப்பி வந்தவர்தான். இன்னொரு நாட்டில் டாக்சி ஓட்டிக்கொண்டே இணையத்தில் பத்திரிகை நடத்துகிறார். கண்மூடித் திறப்பதற்குள் படம் ஏறிவிட்டது.

அடிப்பிடித்த குண்டானைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. படத்தின் ஓரத்தில் வளைந்துபோன ஜன்னல் கம்பி. அது எந்த வார்டு, அங்கே யாருக்கு டியூட்டி என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருந்தவரை, எடுத்தவரைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று படத்தின் ஓரங்களைத்தான் முதலில் பார்ப்பான். தூரத்தில் இருந்து இருந்து அந்தப் பயம் விட்டுப்போயிருந்தது.

பின்வாசலுக்கு ஓடி ஆசிரியரைக் கூப்பிட்டான். “அண்ணே, படத்தை எடுங்க!”

“யோவ், ஊரே பாத்துட்டு இருக்கு. வண்டியில சவாரி இருக்குய்யா, அப்புறம் பேசு.”

“சவாரி கிடக்கட்டும்ணே! அது என் தங்கச்சி வார்டு!”

மறுமுனையில் பிரேக் கிறீச்சிட்டது. படம் மறைந்தது.

உடனே தங்கை கூப்பிட்டாள். “ஏன்ணா எடுத்த?”

“கம்பி தெரியுதுடி. கம்பிய வெட்டிட்டுப் போடுறோம்.”

“வெட்டிட்டா எந்த ஆஸ்பத்திரின்னு கவர்மென்ட்காரன் கேப்பான். பொய்னு சாதிச்சிருவான். தெரிஞ்சுதான் வச்சு எடுத்தேன்.”

“உன்னைப் புடிச்சிட்டா?”

“நீ எழுதினப்ப என்னைக் கேட்டா எழுதின? பாக்க வேண்டியவன் இந்நேரம் பாத்திருப்பான். இனிமே எடுத்து என்ன, வச்சு என்ன? போடு.”

“நீ மொதல்ல அங்கேருந்து கிளம்பு. பத்திரமா சேந்துட்டேன்னு சொல்லு. அடுத்த நிமிஷம் போடுறேன்,” என்றான்.

“அடிபட்டவங்களை அப்படியே விட்டுட்டா? அடுத்த ஆள் வரட்டும், கிளம்புறேன்.” வைத்துவிட்டாள்.

“டேய் சிக்னல், தட்டு எங்கடா?” உள்ளேயிருந்து தலைமைச் சமையல்காரர் கத்தினார்.

அவன் வாசற்படியைவிட்டு நகரவில்லை. போனை உள்ளங்கையில் வைத்து, அணைய அணைய வெளிச்சத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டே நின்றான்.